பிரியும் இடத்தில்

ஐந்தரை மில்லிமீட்டர்.
ஒரு பட்டாணிகூட இல்லை என்றார் மருத்துவர்,
ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

பதினெட்டு வருஷம்
குவோப்பியோவில் ஏழாம் நம்பர் பஸ் ஓட்டியவள் நான்.
அளவுகளை நம்பமாட்டேன்.
கையகலக் குழியில்
அச்சு முறிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

தூரே என்கிற ஒல்லிப் பையன்,
மருத்துவன் அல்ல, திரவங்களுக்குக் கணக்குப் போடுகிறவன்,
என் மண்டைக்குள் ஓடுவதைத்
திரையில் ஓடவிட்டான்.
சிவப்பென்றால் வேகம். நீலமென்றால் மந்தம்.
நாற்பத்தெட்டு வயது ரத்தம்
நூல் நூலாய் வந்து
கிளை பிரியும் முனையில் நேராக மோதியது.
இடமா வலமா என்று முடிவெடுக்கும் முன்
ஒவ்வொரு துடிப்பும்
அங்கே ஒரு முட்டு முட்டிவிட்டுத்தான் போனது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது.
சந்தைச் சதுக்கத்துக்கு முந்தைய திருப்பம்.
எல்லா பஸ்ஸும் அங்கேதான் பிரேக் போடும்.
நேர்ச்சாலை அப்படியே கிடக்க
அந்த இடத்துத் தார் மட்டும்
மடிந்து மேடு தட்டும்.
வருஷா வருஷம் ஒட்டுப் போடுவார்கள்.
எந்த பஸ் செய்த தப்பு என்று
யாரும் கேட்டதில்லை.

எறும்பு ஊரக் கல் தேயும்.
இங்கே குளிர்காலம் ஆணி டயரில் ஊரும்.

"சுவர் சும்மா இருப்பதில்லை" என்றான் தூரே.
உள்ளே ஒற்றை அடுக்காகச் செல்கள்,
ஓட்டம் எந்தப் பக்கம் என்று பார்த்து
மீன்கூட்டம் போல் ஒருமுகமாய்ப் படுத்திருக்குமாம்.
ஓட்டம் குழம்பினால் அவையும் குழம்புமாம்.
பிறகு வீங்கிய பைக்குள் காட்டினான்.
அங்கே சிவப்பே இல்லை.
நீலம் மட்டும்
வெளியேற மறந்து
தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருந்தது.

வேகமா, மந்தமா, எது உடைக்கும்?
"அதில்தான் எங்களுக்குள் சண்டை" என்றான்.
அந்த பதில் எனக்குப் பிடித்திருந்தது.

அண்ணன் ஆர்ரேயைப் பற்றி அவனிடம் சொன்னேன்.
அவனுக்குப் படமும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை.
அக்டோபரில் படகைக் கரையேற்றும்போது
மூச்சை அடக்கி ஒரே தூக்கு.
முதுகில் கோடாலி இறங்கியது என்றானாம்.
மகாதமனியின் உட்சுவரில் ஒரு கீறல்.
ரத்தம் அதில் தலையை நுழைத்து,
அடுக்கிலிருந்து அடுக்கை உரித்துக்கொண்டே
இடுப்புவரை இறங்கிவிட்டது.
பொய்வழி என்று அதற்குப் பெயர்.
மெய்வழியை நசுக்கிக்கொண்டு
பொய்வழியில் பாய்ந்ததும்
அவனுடைய சொந்த ரத்தம்தான்.

சாலைகளும் இங்கே அப்படித்தான் சாகின்றன.
விரிசலில் இறங்கிய நீர்
உள்ளே உறைந்து, பருத்து,
மேல்தாரைத் தனியே தூக்கிவிடும்.
பார்த்தால் சாலை.
ஏறினால் தெரியும்.

வியாழக்கிழமை
தொடை வழியே ஒரு கம்பி அனுப்புவார்கள்.
பைக்குள் பிளாட்டினச் சுருள் நிரப்பி
இந்தப் பக்கம் வழியில்லை என்று
ரத்தத்துக்குச் சொல்லிவிடுவார்களாம்.
அதுவரை ஓட்டக்கூடாது. புகைக்கக்கூடாது. பாரம் தூக்கக்கூடாது.
கோபப்படலாமா என்று கேட்டேன்.
சிரித்தார்கள், பதில் சொல்லவில்லை.

இன்று ஏழாம் நம்பரில்
மூன்றாம் வரிசையில் பயணியாக உட்கார்ந்திருக்கிறேன்.
ஓட்டுவது வென்லா. புதியவள்.
விரட்டி வந்து கடைசியில் அழுத்துகிறவள்.
காதுக்குப் பின்னால் தொக், தொக்.
அதன்மேல் எனக்குக் கோபமில்லை.
அதற்கும் ஒரு நேர அட்டவணை இருக்கிறது,
நிறுத்தம்தான் இல்லை.

சதுக்கம் நெருங்குகிறது.
என் வலது கால்
இல்லாத பிரேக்கைத் தேடி அழுத்துகிறது.
பஸ் தூக்கிப்போட்டுத் திரும்புகிறது.

காபியை மடியில் கொட்டிக்கொண்ட ஒருவர்
சாலையைத் திட்டுகிறார்.